சுவரோரம் அடுக்கிய கற்கள்

என் வேலை கற்களைப் பார்த்துக்கொள்வது. அப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பதா அனுதாபப்படுவதா என்று தெரியாமல் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பல வருடங்களாக “மினரல்ஸ் கம்பெனியில் இருக்கிறேன்” என்று சொல்லிவந்தேன். அதற்குப் பிறகும் யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து ரயில் பாதைப் பக்கமாகப் பிரியும் சந்தில், சிமென்ட் ஷீட் கூரை போட்ட ஒரு கோடவுன். உள்ளே தரையிலிருந்து கூரைவரை மரப்பெட்டிகள். வீட்டில் போர் போடும்போது கல்லைத் தூளாக்கி வெளியே தள்ளுகிறார்கள் அல்லவா? சுரங்கக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. துளையிடும் குழாய்க்குள்ளேயே கல்லை முழு உருளையாக, முருங்கைக்காய்த் துண்டுபோல மேலே எடுத்து, பெட்டியில் வரிசையாக வைப்பார்கள். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, புத்தகம் மாதிரி. நடுநடுவே இது எத்தனையாவது மீட்டர் என்று எழுதிய மரக்கட்டை. படிக்கத் தெரிந்தவன் பெட்டியைப் பார்த்தே ஒரு மலையின் வயிற்றுக்குள் இறங்கிவிடலாம்.

இந்தக் கற்கள் வந்த மலை இங்கிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. அங்கே செம்பும் ஈயமும் துத்தநாகமும் எடுத்தோம். ‘எடுத்தோம்’ என்றால் மற்றவர்கள் எடுத்தார்கள், நான் பக்கத்தில் நின்று குறிப்பெழுதினேன். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் வெந்து மடிந்த வரிப்பாறை. அதற்குள் சாய்வாகச் செருகிய பட்டையாகக் கந்தகம் கலந்த தாது. பட்டை ஆழத்தில் மெலிந்தது, செம்பின் விலை இறங்கியது, கம்பெனி சுரங்க வாயைக் கம்பிவேலியால் மூடிவிட்டுப் போய்விட்டது. கற்கள் மட்டும் லாரியேறித் துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைத்த இந்தக் கோடவுனுக்கு வந்தன. விலை என்றாவது ஏறும், ஏறினால் சுரங்கத்தைத் திறப்பார்கள், திறந்தால் இந்தக் கற்களைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பல வருடங்களாக யாரும் எதையும் படிக்கச் சொல்லவில்லை.

குடியிருப்பது ராயபுரத்தில், ஒரு மாடிப் போர்ஷன். மனைவி பிரிந்துபோய் வெகுகாலமாகிறது. சண்டையெல்லாம் இல்லை. “உங்களோட பேசறதுக்கு விஷயமே இல்லை” என்றாள். யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருந்தாள். காலையில் எழுந்து, டோல்கேட் வழியாக ஷேர் ஆட்டோவில் வந்து கோடவுன் பூட்டைத் திறக்கும்வரை என்னிடம் யாரும் பேச வேண்டிய அவசியமில்லை. ஆட்டோக்காரர்கூட என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தப் பழகிவிட்டார். திறந்த பிறகு ஒருத்தி பேசுவாள்.

எதிரே டிபன் கடை வைத்திருக்கிற அக்கா. என்னைவிட வயதில் சின்னவள்தான். ஆனாலும் அந்தச் சந்தில் அடுப்பு பற்றவைத்தவள் எல்லாருக்கும் அக்கா.

“இன்னா கல்லு சார், இன்னிக்காவது ஒண்ணு குட்டி போட்டுச்சா?”

“இன்னும் இல்ல அக்கா.”

“எத்தினி வருசமா குந்திகினு கீறே. கோயியா இருந்தா இந்நேரம் முட்டயாவது வுட்டுருக்கும்.”

தினமும் இதேதான், ஒரு வார்த்தை முன்னே பின்னே. இட்லியை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவாள். சில நாள் மாலை பூட்டும்போது யோசித்துப் பார்ப்பேன். அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே மனிதப் பிறவி அவள்தான் என்று தெரியும். அதை அவளிடம் சொன்னால் விலை ஏற்றிவிடுவாளோ என்று சொன்னதில்லை.

ஒரு பெருமழை வருடம். கோடவுனுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடியிலிருந்த பெட்டிகள் ஊறிப் பிளந்தன. எனக்குக் காய்ச்சல், பத்து நாள் படுக்கை. வழக்கமாக லோடு இறக்கும் மேஸ்திரி, தண்ணீர் வடிக்க என்னிடம் சாவி வாங்கிப்போனவர், தானாகவே நாலு ஆட்களை அழைத்துவந்து எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிட்டார். நான் தேறி வந்து கதவைத் திறந்தபோது பின்னாலேயே நின்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

“பாரு சார். சேறு சகதி அல்லாத்தையும் களுவி, ஷோக்கா வச்சிகீறோம். டாலடிக்கிற கல்லெல்லாம் பொறுக்கி, தனியா சொவத்தாண்ட மேடா அடுக்கியாச்சு. தங்கம் கணக்கா மின்னுது பாரு. மத்ததெல்லாம் வெறும் கருங்கல்லு சார், அது கெடக்கட்டும்.”

அதாவது, ஒரு நூலகத்தில் எல்லாப் புத்தகங்களையும் பிரித்து, படம் இருக்கிற பக்கங்களைத் தனியாக அடுக்கி வைத்திருந்தார். எத்தனையாவது துளை, எத்தனையாவது மீட்டர், எதுவும் இனி யாருக்கும் தெரியாது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மேடு அழகாக இருந்தது. மேலே ஒரு ஷீட் உடைந்திருந்த ஓட்டை வழியாக மத்தியான வெயில் நேராக அதன்மேல் விழுந்து, பித்தளைப் பாத்திரக்கடை மாதிரி ஜொலித்தது. மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஓட்டையை நான் அடைக்கவேயில்லை. சாப்பிட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெயில் அதன்மேல் வந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். சிலர் வீட்டில் டிவி வைத்துக்கொள்கிறார்கள். மழை வந்தால் அதே ஓட்டை வழியாக மழையும் அதன்மேல் விழும் என்பது, நிலவியலில் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாளடைவில் பளபளப்பு மங்கியது. கற்கள்மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்தது. கடல்காற்று என்று வருத்தப்பட்டேன்.

மேஸ்திரி மேடு போட்ட அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம்தான் சந்தின் கை பம்ப். அக்காவுக்குக் குடிதண்ணீர் கேனில் வரும். அரிசி களைய, உளுந்து ஊறவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் பம்ப்தான். அடுத்த மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சளாக வர ஆரம்பித்தது. பிறகு செம்மஞ்சள். அக்கா அதைத் தெளியவைத்துப் புழங்கினாள். பம்பைச் சுற்றிய சிமென்ட் மேடை அரித்து, ஜல்லி பல் இளித்தது.

“இன்னா சார் இது, தண்ணியில மஞ்சாத்தூளு கரைச்ச மாதிரி கீது? நீ கல்லு படிச்சவன்தானே, சொல்லு.”

வட சென்னையில் தண்ணீர் கெட்டால் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் ஒரு புகைபோக்கி இடிக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன பெயின்ட் தொழிற்சாலை இருந்தது. கையை அந்தப் பக்கம் நீட்டினேன். நிறமும் பொருத்தமாக இருந்தது.

மனுவும் நானே எழுதினேன். என் எழுத்தில் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ‘செங்குருதி போற் பெருகும் நீர் கண்டு எம் பகுதி மகளிர் கண்ணீர் உகுக்கின்றனர்’ என்று ஒரு வரி. படித்துக் காட்டினேன்.

“யாரு சார் அளுதது? நான் ஒண்ணும் அளுவலியே.”

“எழுத்துல அப்படித்தான் அக்கா.”

“அப்ப எளுத்துல வேற யாராவது அளுவட்டும். என் பேர போடாத.”

ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். நகலெடுத்துக் கடை ஆணியில் மாட்டினாள். யாரோ ஓர் அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அவரும் பாட்டிலும் திரும்பி வரவில்லை. பெயின்ட் தொழிற்சாலையிலிருந்து தினமும் காலையில் அவள் கடைக்குச் சாப்பிட வந்த பத்துப் பதினைந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் அதற்காக ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. “போறானுங்க போ. தண்ணிய கெடுத்துட்டு இட்லி வேற வோணுமா?” என்பாள்.

பிறகு, போன வருடம், தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். நான் உயிரோடிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததே சந்தோஷமாக இருந்தது. மூடிய சுரங்கத்தின் பெரிய குழியில் மழைத் தண்ணீர் நிறைந்து ஏரியாகக் கிடக்கிறதாம். கீழே உள்ள ஊர்க்காரர்கள் அதைப் பம்ப் வைத்து இறைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்களாம். அந்த இடத்தின் பாறை நிலை, சுற்றுச்சூழல் நிலை இரண்டையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

போனேன். இரவெல்லாம் பயணம், விடிந்தபோது மலையடிவாரம். நான் வேலை பார்த்த இடம் என்று நம்ப முடியவில்லை. சுரங்க வாயின் கம்பிவேலியை யாரோ அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். குழியில் தண்ணீர், கண்ணைப் பறிக்கும் நீலப்பச்சை. அவ்வளவு அழகான தண்ணீரை நான் பார்த்ததில்லை. அதில் தவளை இல்லை, பாசி இல்லை, மேலே ஒரு தட்டான்பூச்சிகூட இல்லை. கழிவுக் கற்களைக் கொட்டிய மேட்டில் புல் முளைக்கவில்லை. மேட்டின் அடியிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு நீர் கசிந்து ஓடியது. ஓடிய வழியெங்கும் கூழாங்கற்கள்மேல் காவி பூசியதுபோல் படிவு.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இந்தத் தண்ணிய ஆட்டுக்குக் காட்டலாங்களா?”

பையிலிருந்து அமிலம் பார்க்கும் காகிதத் துண்டை எடுத்து ஓடையில் நனைத்தேன். பழுத்த மிளகாய் நிறம். எனக்குள் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த விரிவுரையாளர் எழுந்துவிட்டார். இந்தக் கல்லில் இரும்பும் கந்தகமும் இருக்கிறது, பூமிக்குள் இருக்கும்வரை சாது. வெளியே எடுத்துப் போட்டு, காற்றும் மழையும் மாறி மாறிப் பட்டால் அமிலமாகும், அந்த அமிலம் கல்லில் இருக்கிற ஈயத்தையும் கரைத்துக்கொண்டு வரும். பக்கத்தில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அடக்கிவிடும், இங்கே அது இல்லை. ஆட்டுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டு ஆடுகளை மேட்டுப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மீதி விரிவுரையை நான் ஓடைக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை கடையில் இதையெல்லாம் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். “பரவால்லியே, ஒன் படிப்பு ஒரு ஆட்டுக்காவது ஒதவிச்சு” என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கைகழுவப் பம்ப் பக்கம் போனேன். கோடவுன் சுவரின் அடியிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு நீர் கசிந்து, பம்ப் மேடையைச் சுற்றி ஓடியது. ஓடிய வழியெங்கும் காவி.

கை கழுவாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஓட்டை வழியாக மழை மேட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல். நேற்று நான் பார்த்த சுரங்கம் முழுவதும் இங்கே சுவரோரம் இருந்தது, கொஞ்சம் சின்னதாக. அதற்கு முன்னால் ஒரு நாற்காலியும் போட்டிருந்தது.

அக்கா கீரை வாங்கப் போகும் நேரம் பார்த்துப் பம்பை அடித்துக் காகிதத்தை நனைத்தேன். அதே பழுத்த மிளகாய் நிறம்.

அன்றிலிருந்து அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவேன். ஷேர் ஆட்டோவில் வாக்கியங்களை ஒழுங்குபடுத்துவேன். அவள் “இன்னா கல்லு சார்” என்பாள். அந்த ஒரு வார்த்தை நாளைக்கும் வேண்டும் என்று தோன்றும். வாயை மூடிக்கொள்வேன். சொன்னால் கோடவுனைக் காலி செய்யச் சொல்வார்கள், வேலை போகும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வேலைக்காக நான் அவ்வளவு கவலைப்படுகிறவன் இல்லை. இந்தச் சந்தில் என்னோடு பேச இன்னொருவர் இல்லை, அவ்வளவுதான். இட்லியை மட்டும் விடாமல் சாப்பிட்டேன். அந்த அரிசி எந்தத் தண்ணீரில் ஊறியது என்று எனக்குத்தானே தெரியும். இதைப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். அதே இட்லியை மற்றவர்களும் சாப்பிட்டார்கள் என்பதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை.

பதினோராவது நாள், தட்டை வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள். மேலே பேனா.

“இன்னொரு மனு எளுது சார். இந்த தபா கலெக்டருக்கே போட்லாம். அந்த பெயின்ட்டு கம்பெனிய உடக்கூடாது. நல்லா காரமா எளுது. வோணும்னா நான் அளுததாவே போட்டுக்கோ.”

பேனாவை எடுத்தேன். பொய் எழுதுவது எனக்குப் புதிதல்ல, ஆனால் இந்த முறை தெரிந்தே எழுத வேண்டும். பேனாவை மூடினேன்.

“அக்கா, அது அவங்க இல்ல.”

“பின்ன?”

“என் கல்லு.”

கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பைக் குறைத்தாள். “காட்டு” என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் கோடவுனுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. உடைந்த ஷீட்டைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், எதிரே என் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்தாள். கையிலேயே உதிர்ந்தது. மோந்து பார்த்தாள்.

“பட்டாசு நாத்தம்.”

“கந்தகம் அக்கா.”

“எத்தினி நாளா தெரியும்?”

“மலைக்குப் போன மறுநாள்லேருந்து. பதினோரு நாள்.”

“ஆட்டுக்காரி கேட்டான்னியே. அவளாண்ட எப்ப சொன்னே?”

“கேட்ட உடனே.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் மஞ்சள் ஒட்டியது.

“ஆட்டுக்கு ஒடனே. எனக்கு பதினோரு நாளு.”

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வெளியே போய், ஊறப்போட்டிருந்த அரிசியை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். அண்டாவில் மீதியிருந்த மாவையும் கவிழ்த்தாள். ஆணியிலிருந்து என் மனுவைப் பிடுங்கிக்கொண்டு, “வா” என்றாள். இரண்டு தெரு தள்ளியிருந்த பெயின்ட் தொழிற்சாலை வாசலுக்கு, அவள் முன்னால், நான் பின்னால்.

வாட்ச்மேனிடம் மனுவை நீட்டினாள். “தண்ணி மேட்டர்ல ஒங்க மேல தப்பு இல்ல. இவரு கல்லுதானாம். எளுதுனதும் இவருதான்.”

வாட்ச்மேன் மனுவை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எயித்தெல்லாம் நல்லாத்தான் கீது” என்றார்.

நான் வாங்கிய ஒரே விமர்சனம் அது.

சுரங்கத்துக்கான அறிக்கையில், குழி நீரை யாரும் தொடக் கூடாது என்று எழுதி அனுப்பினேன். கூடவே கோடவுனைப் பற்றியும் ஒரு கடிதம். இந்தக் கற்களை வேறெங்கும் கொட்டக் கூடாது, கொட்டிய இடம் இப்படித்தான் ஆகும்; வந்த மலைக்கே கொண்டுபோய், தண்ணீர் நிறைந்த சுரங்கக் குழிக்குள் ஆழத்தில் இறக்கினால் காற்றுப் படாமல் அடங்கிக் கிடக்கும் என்று விளக்கியிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை. மாநகராட்சிக்கும் எழுதினேன், இந்த முறை யாரையும் அழவிடாமல். ஆள் வந்து பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்.

மேஸ்திரியை வரச்சொல்லி ஓட்டையை அடைத்தேன். எண்ணூர் பக்கமிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக வரவழைத்து, மேட்டைக் கலைத்து, மூடி போட்ட பீப்பாய்களில் கல்லும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி நிரப்பினோம். மலையில் இல்லாத சுண்ணாம்பை இங்கே நான் போட்டேன். மேஸ்திரிக்குத்தான் தாங்கவில்லை.

“எவ்ளோ ஷோக்கா வச்சிருந்தேன் சார். ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே வேற மாதிரி வச்சிருப்பேனே. நீதான் நல்லாகீதுன்னு டீ வாங்கிக் குடுத்தே.”

இப்போது கோடவுனுக்குள் மத்தியானத்தில் வெயில் வருவதில்லை. நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான்.

கைப்பிடி போனதால் அக்கா கடைக்குத் தெருமுனைத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். குடங்களை நான் எடுக்கிறேன். யாரும் கேட்கவில்லை. முதல் நாள் போய்க் குடங்களைத் தூக்கினேன், அவள் தடுக்கவில்லை, அவ்வளவுதான் ஒப்பந்தம். காலையில் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நிற்பதில் பெண்களுக்கு நடுவே ஒரே ஆண் நான்தான். முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது என் குடம் நகராமல் நின்றால் காலால் தள்ளி முன்னே விடுகிறார்கள். நிரப்பிக் கொண்டுவந்து கடையோரம் வைத்தால், அக்கா தட்டை வைக்கிறாள். இட்லி, சட்னி. குட்டி போட்டதா என்று கேட்பதில்லை. பெயின்ட் தொழிற்சாலை ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். அவர்களோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். நான் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் பூட்டைத் திறக்கப் போகிறேன்.

போன வாரம் புதிதாக வந்த ஒரு லாரி டிரைவர், தட்டோடு என் பக்கம் திரும்பி, “மீஞ்சூருக்கு இப்டி நேரா போலாமா சார்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“அவராண்ட கேக்காத நைனா. தெரியும் அவருக்கு. ஆனா பதினோரு நாளு கயிச்சுதான் சொல்லுவாரு.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். டிரைவருக்கு ஏன் என்று புரியவில்லை, அவரும் சிரித்தார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. இட்லித் தட்டில் துணியை விரித்து மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். நேராகப் போகலாம் என்று டிரைவரிடம் சொன்னேன். பிறகு காலிக் குடங்கள் இரண்டு இருந்தன, எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.